பிள்ளைகளோடு சேர்ந்து வீட்டிலேயே ஒரு தமிழ்ப் படப்புத்தகம்: எழுத்துரு, அச்சு, கட்டு பற்றி உதவி தேவை

ஸ்காபரோ_அம்மா (கேள்வி)

வணக்கம். யாழ்ப்பாணத்தில் இருக்கிற அம்மம்மா வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகக் கதைகள் அனுப்புவா. அதில் ஒன்றை, ஒரு காகமும் முருங்கை மரமும் வருகிற கதை, 24 பக்கப் படப்புத்தகமாகச் செய்ய விருப்பம். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 6. படம் கீறுவது அவர்கள், வாட்டர்கலரில். எல்லாம் சேர்த்து 30 படிகள்: சொந்தக்காரருக்கும், சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கும். வீட்டில் இருப்பது லெட்டர் அளவுத் தாள் (8.5 × 11 அங்குலம்) போகிற இங்க்ஜெட் பிரின்டரும் சாதாரண ஸ்கேனரும். இருவருக்கும் பள்ளி, நீச்சல் எல்லாம் போக வாரத்தில் ஒரு மணித்தியாலம்தான் மிஞ்சும்.

தடக்குப்படுகிற இடங்கள் இவை. பக்கம் அடுக்கும் மென்பொருளான இன்டிசைனில் தமிழ் ஒட்டினால் "கொ" வர வேண்டிய இடத்தில் கொம்பும் காலும் பிரிந்து, புள்ளிவட்டத்தோடு நிற்கிறது. பெரியப்பா எழுத்தாக்கி அனுப்பிய பகுதி பாமினி என்ற எழுத்துருவில் இருக்கிறது. அது வெறும் ஆங்கில எழுத்தாகத் தெரிகிறது. கதையை அம்மம்மா கதைக்கிற மாதிரியே எழுதுவதா, புத்தகத் தமிழில் எழுதுவதா? ஸ்கேன் செய்த படங்கள் சாம்பல் பூசினது போல மங்கி வருகின்றன. ஸ்டேப்ளர் மடிப்பு வரை எட்டவில்லை. ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கான சர்வதேச எண்) எடுக்க வேண்டுமா? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கோ.

---

எழுத்துருக்காரன்

எழுத்துச் சிக்கலை முதலில் தீர்த்துவிடுங்கள். அது தீராமல் பக்கம் அடுக்கத் தொடங்கினால் கடைசியில் 24 பக்கத்தையும் திரும்ப அடுக்க வேண்டிவரும். உங்களிடம் இரண்டு வேறு வேறு பிரச்சினைகள் கலந்து நிற்கின்றன.

பாமினி யூனிகோட் எழுத்துரு அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்த பழைய முறை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்துகள் அப்படியே தெரியும். இணையத்தில் கிடைக்கும் பாமினி–யூனிகோட் மாற்றிகளில் ஒன்றில் போட்டு மாற்றுங்கள். மாற்றியபின் அப்படியே நம்பிவிடக் கூடாது. பழைய தட்டச்சில் பலர் "ர்" அடிக்காமல் கால் போட்டு மேலே புள்ளி வைத்திருப்பார்கள்; அது "அவா்" என்று வரும். திரையில் "அவர்" போலவே தெரிவதால் கண்ணுக்குச் சிக்காது, ஆனால் வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் பல்லிளிக்கும். காலும் புள்ளியும் சேர்ந்து வரும் இடங்களை எல்லாம் தேடி "ர்" ஆக மாற்றுங்கள். அதேபோல் "கௌ" என்பதற்குப் பதில் "கெ" போட்டுப் பக்கத்தில் "ள" வைத்திருப்பார்கள், "ஔ" என்பதற்கு "ஒள". இவற்றையும் தேடிப் பாருங்கள்.

புள்ளிவட்டம் வருவது இன்டிசைனின் அமைப்பால். யூனிகோடில் "கெ" என்பது முதலில் க, பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பைக் க-வுக்கு முன்னால் நகர்த்தி வைப்பது மென்பொருளின் வேலை. இன்டிசைனின் வழக்கமான பத்தி அமைப்பி அந்த வேலையைச் செய்யாது. பத்திப் பலகையின் ஓரத்து மெனுவைத் திறந்து "அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் தனித்தனியாகச் செய்யாமல், பத்திப் பாணிக்குள்ளேயே (பாராகிராஃப் ஸ்டைல்) அதைப் பதித்துவிடுங்கள். இல்லையென்றால் புதிதாக ஒட்டுகிற ஒவ்வொரு பத்தியும் பழையபடி உடையும்.

இன்டிசைனுக்கு மாதச் சந்தா கட்ட விருப்பமில்லாவிட்டால் ஸ்க்ரைபஸ் இலவசம். அதில் 1.6 பதிப்பை எடுங்கள், பழைய 1.4-இல் தமிழ் சேராது. லிப்ரே ஆபீஸ் ரைட்டரும் இந்த அளவுப் புத்தகத்துக்குப் போதும். ஆனால் அதில் தமிழுக்கான எழுத்துருவும் அளவும் "காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்" என்ற தனிப் பகுதியில் இருக்கும். மேற்கத்திய எழுத்துக்கான இடத்தில் 24 என்று போட்டுவிட்டுத் தமிழ் ஏன் பெரிதாகவில்லை என்று பலர் திணறுவது இதனால்தான்.

எழுத்துரு: நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, பலூ தம்பி 2. எல்லாமே திறந்த உரிமத்தில் வருபவை. அச்சிடலாம், விற்கலாம், பிடிஎஃபில் பதிக்கலாம். ஆறு வயதுக்கு நான் முக்தா மலரையே சொல்வேன். தலைப்புக்கு பலூ தம்பி நன்றாக இருக்கும், ஆனால் அதன் தடித்த கோடுகள் உள்ளே பத்தி முழுக்க வந்தால் கண் களைக்கும். கையெழுத்துப் போலச் சாய்ந்த எழுத்துருக்களைக் கற்கிற பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம். எதை எடுத்தாலும் ல/வ, ன/ண, ர/கால் ஆகியவை அந்த அளவில் தெளிவாகப் பிரிந்து தெரிகிறதா என்று ஒரு தாளில் அச்சிட்டுப் பாருங்கள், திரையில் அல்ல. அம்மம்மா கைப்பட எழுதி அனுப்பினால் லை, ணை, னை, றா போன்றவை பழைய வடிவில் இருக்கலாம். 1978-இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற சீர்திருத்த வடிவத்தில்தான் இந்த எழுத்துருக்கள் எல்லாம் இருக்கின்றன. பிள்ளைகள் வகுப்பில் படிப்பதும் அதுவே.

அளவு 22 முதல் 24 பாயின்ட். வரி இடைவெளி ஒன்றரை மடங்கு, அதாவது 24-க்கு 36. தமிழில் மேலே புள்ளியும் விசிறியும், கீழே கூ, சூ, மூ-வின் வாலும் இருப்பதால் இடைவெளி குறைந்தால் மேல்வரி வாலும் கீழ்வரிப் புள்ளியும் மோதும். இருபக்கமும் சமன் செய்யாதீர்கள், இடப்பக்கம் மட்டும் ஒட்டுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் சமன் செய்தால் நடுவில் ஓட்டை விழும். சொல்லை வெட்டி அடுத்த வரிக்குத் தள்ளும் தானியங்கி வசதியையும் அணைத்துவிடுங்கள்.

கடைக்கு அனுப்பும்போது எப்போதும் எழுத்துரு பதித்த பிடிஎஃப் மட்டுமே. வேர்ட் கோப்பைக் கொடுத்தால் அவர்கள் கணினியில் எழுத்துரு மாறிவிடும். கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை வரி வைத்துப் பாருங்கள்: கொ, கோ, கௌ, டூ, ணை, க்ஷ, ஸ்ரீ. இந்த ஏழும் சரியாக வந்தால் மற்றதும் வரும்.

---

நோர்வே_ரீச்சர்

மொழி பற்றிக் கேட்டதற்கு: கதை சொல்லுகிற வரிகள் எளிய எழுத்துத் தமிழில், பாத்திரங்கள் பேசுகிற வரிகள் பேச்சுத் தமிழில். ஆறு வயதுப் பிள்ளை வகுப்பில் எழுத்துத் தமிழை வாசிக்கப் பழகுகிறது, வீட்டில் பேச்சுத் தமிழைக் கேட்கிறது. இரண்டும் ஒரே பக்கத்தில் மேற்கோள்குறியால் பிரிந்து நின்றால் பிள்ளைக்குக் குழப்பம் வராது. முழுக்கப் பேச்சில் எழுதினால் "போட்டுது", "போயிட்டுது" என்று ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலாகி வாசிப்பு தடைப்படும். முழுக்கப் புத்தகத் தமிழில் எழுதினால் அம்மம்மாவின் குரல் போய்விடும், அதுதானே இந்தப் புத்தகத்தின் உயிர்.

வாய்க்கதையின் வசனம் நீளமாக ஓடும்: "காகம் பறந்து போய் முருங்கையில இருந்து கொண்டு கீழ பாத்திட்டுச் சொல்லிச்சாம்." கேட்பதற்கு அருமை. வாசிக்கிற பிள்ளைக்குக் கடைசி வினைச்சொல் வரும்வரை மூச்சு நிற்காது. இப்படி உடையுங்கோ: "காகம் பறந்தது. முருங்கை மரத்தில் இருந்தது. கீழே பார்த்தது." அடுத்த பக்கத்தில்: "என்ன பிள்ளை, பசிக்குதோ?" அந்தக் கேள்வியை அம்மம்மா சொன்ன மாதிரியே விடுங்கோ. ஒரு வசனத்தில் நாலைந்து சொல், ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று வசனம். புத்தகம் முழுவதற்கும் 120 முதல் 150 சொற்கள் போதும். கூட்டுவினைகளைக் குறையுங்கோ: "பெய்துகொண்டிருந்தது" வேண்டாம், "பெய்தது" போதும். ஒற்று மிகும் இடங்களை மட்டும் எளிமைக்காக விட்டுவிடாதேங்கோ. "மரத்தைப் பார்த்தது" என்று கண்ணில் பட்டுப் பட்டுத்தான் அது பழகும்.

குரல் பதிவை எழுத்தாக்க, கூகிள் குரல் தட்டச்சில் தமிழுக்கு இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எனத் தனித்தெரிவுகள் உண்டு. இலங்கையைத் தெரிவு செய்தாலும் ஊர்ப்பேச்சில் நிறையத் தவறும். ஐந்து நிமிடக் கதைக்கு மகளையே காதால் கேட்டு எழுத விடுவது நல்லது. நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதும்போது அம்மம்மா எந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறா என்று பிள்ளைக்கே பிடிபடும். அந்தத் திரும்ப வரும் வரியைக் கட்டாயம் வைத்திருங்கோ, குறைந்தது மூன்று இடத்தில், ஒரு எழுத்தும் மாறாமல். முதல் தரம் எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளை மூன்றாம் தரம் ஓட்டமாக வாசிக்கும்.

தமிழ் வரிக்குக் கீழே ஆங்கில மொழிபெயர்ப்புப் போடாதேங்கோ. இரண்டும் தெரிந்த பிள்ளையின் கண் தனக்கு எளிதான வரிக்குத்தான் முதலில் போகும், தமிழ் வரி படமாகி விடும். தமிழ் தெரியாத மச்சான் மச்சாள்மாருக்கு வேண்டுமென்றால் கடைசிப் பக்கத்தில் கதைச் சுருக்கமாகக் கொடுங்கோ.

பக்கத் திட்டம்: 1 தலைப்பு, 2 வெளியீட்டு விபரம், 3 பாத்திர அறிமுகம், 4 முதல் 23 வரை கதை, 24 அம்மம்மாவின் குரலுக்கான கியூஆர் குறியும் ஆங்கிலச் சுருக்கமும். கதைக்கு அப்போது பத்து விரிப்புகள் (எதிரெதிராகத் திறக்கும் இரண்டு பக்கம் ஒரு விரிப்பு). ஒவ்வொரு விரிப்பிலும் ஒரு பக்கம் படம், எதிர்ப்பக்கம் எழுத்து. ஆளுக்கு ஐந்து படம், அட்டைப்படம் இருவரும் சேர்ந்து. "யார் கதவைத் தட்டினது?" போன்ற கேள்விகள் வலப்பக்கத்தின் கடைசி வரியில் வரட்டும், விடை தாளைத் திருப்பினால் கிடைக்கட்டும்.

கியூஆர் குறி 2 செ.மீ.க்குக் குறையக் கூடாது, நான்கு பக்கமும் வெள்ளை இடம் வேண்டும், வண்ணத் தாளில் அச்சிட வேண்டாம். வாட்ஸ்அப் இணைப்பைக் கொடுக்க முடியாது. நீங்கள் நிர்வகிக்கிற ஒரு இடத்தில் ஒலிக்கோப்பைப் போட்டு அந்த முகவரியைக் கொடுங்கோ. கோப்பை மாற்றினாலும் முகவரி மாறாமல் இருக்க வேண்டும், அச்சான குறியைத் திருத்த முடியாதல்லவா.

வாரம் ஒரு மணி என்றால், அதை 40 நிமிட வேலையும் 20 நிமிடக் கழுவித் துடைப்புமாகக் கணக்குப் போடுங்கோ. ஒரு நாளில் ஒரு படம் மட்டும். எழுத்தெல்லாம் முடிந்ததும் வெள்ளைத் தாளை மடித்து, படமில்லாத மாதிரிப் புத்தகம் ஒன்று செய்து மகனிடம் வாசிக்கக் கொடுங்கோ. அவர் தடக்குப்படுகிற சொல்லில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கோ, திருத்திச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். கோடு விழுந்த சொல்லை மாற்றுங்கோ, அல்லது வரியை வேறு இடத்தில் உடையுங்கோ. இதைப் பக்கம் அடுக்க முன் செய்ய வேணும்.

---

வண்ணப்பெட்டி

படம் மங்குவதற்குக் காரணம் ஸ்கேனரின் தானியங்கித் திருத்தம். வாட்டர்கலர் தாளின் வெள்ளையை அது வெளிர்சாம்பலாகப் படிக்கிறது, தாளின் சொரசொரப்பும் நிழலாக விழுகிறது. எல்லாத் தானியங்கித் திருத்தங்களையும் அணைத்துவிட்டு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி), வண்ணம், டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்யுங்கள். பிறகு கிம்ப் போன்ற மென்பொருளில் லெவல்ஸ் திறந்து, வெள்ளைக்கான சொட்டுக்கருவியால் படத்துக்கு வெளியே உள்ள வெறும் தாளைத் தொடுங்கள். வானத்தின் வெளிர்நீலம் கரைந்து போனால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். வெள்ளையின் எல்லையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுங்கள். ஒரு படத்துக்குச் சரியான எண்களைக் குறித்து வைத்து மற்ற ஒன்பதுக்கும் அதையே போடுங்கள். படத்துக்குப் படம் வேறு வேறாகத் திருத்தினால் காகத்தின் கறுப்பு பக்கத்துக்குப் பக்கம் மாறும்.

தாள் அலையலையாக வளைந்திருந்தால் ஸ்கேனர் கண்ணாடியில் ஒட்டாது, அந்த இடம் மங்கும். படத்தின் பின்புறத்தில் மட்டும் தண்ணீரை மெல்லிய தூவலாகத் தெளித்து, இரண்டு சுத்தமான உறிஞ்சுதாள்களுக்கு நடுவில் வைத்துக் கனமான புத்தகங்களை ஓரிரவு ஏற்றி வையுங்கள். இனி வரையும் படங்களுக்கு, நான்கு ஓரத்தையும் மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டிவிட்டே வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம்) தாள் என்றால் வளைவு வெகுவாகக் குறையும்.

பக்க ஓரம் வரை வண்ணம் போகும் அமைப்பு வேண்டாம். பல வீட்டு பிரின்டர்கள் தாளின் விளிம்பு வரை அடிக்காது, பிள்ளைகளின் கையெழுத்தும் காகத்தின் வாலும் வெட்டில் போய்விடும். சுற்றிலும் வெள்ளைச் சட்டம் விடுங்கள். லெட்டர் தாளை மடித்தால் ஒரு பக்கம் 140 × 216 மி.மீ. மேலும் கீழும் 12, தையல் பக்கம் 13, வெளிப்பக்கம் 15 மி.மீ. விட்டால் படத்துக்கு 112 × 192 கிடைக்கும். வரையும் தாளில் பென்சிலால் 140 × 240 மி.மீ. கட்டம் போட்டுக் கொடுங்கள். ஸ்கேன் செய்தபின் 80 விழுக்காடாகக் குறைத்தால் சரியாக உட்காரும். குறைக்கும்போது பிள்ளைகளின் கோடு இன்னும் திருத்தமாகத் தெரியும்.

மெழுகு கிரேயான் ஸ்கேனர் ஒளியில் பளபளத்து வெள்ளைத் திட்டாக வரும். ஒளிரும் நிற ஃபெல்ட் பேனாக்கள் எந்த அச்சிலும் அந்த நிறத்தில் வராது. பிள்ளை ஆசையாகப் போட்ட இளம்பச்சை மங்கிய பாசிநிறமாக வந்தால் ஏமாற்றம்தான், அதனால் தொடங்கும்போதே அவற்றைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். படத்தைப் பெரியவர்கள் மேலே கீறிச் "சரி" செய்யாமல் இருப்பதும் முக்கியம். காகத்துக்கு மூன்று கால் இருந்தால் மூன்று காலோடே அச்சாகட்டும்.

---

தையல்கட்டு

30 படிக்கு ஸ்டேப்ளர் வேண்டாம், தைத்துவிடுங்கள். நீண்ட கை ஸ்டேப்ளர் கிடைக்கும், வேலையும் சீக்கிரம் முடியும், ஆனால் சிறு பிள்ளைகள் புரட்டுகிற புத்தகத்தில் கம்பி பிரிந்து விரலைக் குத்தும்.

உள்ளே 24 பக்கம் என்றால் ஆறு லெட்டர் தாள்கள், மேலே அட்டைக்கு ஒன்று. உள்தாள் கடையில் "32 பவுண்ட்" என்று விற்கிற கனம், ஏறக்குறைய 120 ஜிஎஸ்எம். வழக்கமான 20 பவுண்ட் தாள் 75 ஜிஎஸ்எம்தான். பின்பக்கப் படம் இந்தப் பக்கம் தெரியும். அட்டைக்கு 80 பவுண்ட் கவர், சுமார் 216 ஜிஎஸ்எம். இங்க்ஜெட்டில் அடிப்பதானால் இருபுறமும் அச்சிடத்தக்க மேட் தாளாகப் பார்த்து வாங்குங்கள்.

பலரும் கவனிக்காதது தாளின் நார் ஓடும் திசை. லெட்டர் தாளில் பெரும்பாலும் நார் 11 அங்குல நீளத்தின் வாக்கில் ஓடும். நீங்கள் மடிப்பதோ 8.5 அங்குலத்துக்கு இணையாக, அதாவது நாருக்குக் குறுக்கே. அதனால்தான் புத்தகம் மூடியிருக்காமல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும், அட்டையின் மடிப்பும் வெடிக்கும். 11 × 17 அளவில், நார் 17 அங்குல வாக்கில் ஓடும் தாளை வாங்கி, 17 அங்குலப் பக்கத்தைப் பாதியாக வெட்டுங்கள். கிடைக்கும் லெட்டர் தாளில் நார் மடிப்புக்கு இணையாக இருக்கும். தாளை இரு வாக்கிலும் மெல்ல வளைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் இளகி வளைகிறதோ அந்த மடிப்பு நாருக்கு இணை. உள்தாளுக்கு இது முடியாவிட்டாலும் அட்டைக்காவது செய்யுங்கள்.

அச்சிடும்போது பக்கங்களை வரிசையாக வைத்த பிடிஎஃபை அக்ரோபாட் ரீடரில் திறந்து, அச்சுப் பெட்டியில் "புக்லெட்", இருபுறம், இடப்பக்கக் கட்டு என்று தேர்ந்தெடுங்கள். முதல் தாளில் 24-ம் 1-ம், பின்புறம் 2-ம் 23-ம் வர வேண்டும். பின்புறம் தலைகீழாக வந்தால் தாள் திருப்பும் தெரிவைக் குறுகிய ஓரத்துக்கு மாற்றுங்கள். நடுத்தாளில் வரும் 12–13 பக்கங்கள் மட்டும்தான் ஒரே தாளில் அடுத்தடுத்து அமையும். இரு பக்கமும் ஓடுகிற பெரிய படம் ஒன்று வேண்டுமென்றால் அதை அங்கே வையுங்கள். மற்ற இடங்களில் இரண்டு தாள் சந்திப்பதால் ஒரு மி.மீ. பிசகினாலும் கண்ணில் படும்.

தையலுக்கு ஐந்து துளை. முதுகு 21.6 செ.மீ. என்றால் மேலிருந்து 2, 6.4, 10.8, 15.2, 19.6 செ.மீ. என்று ஓர் அட்டைத்துண்டில் குறித்துக்கொண்டு எல்லாப் படிக்கும் அதையே வைத்துக் குத்துங்கள். தாள்களையும் அட்டையையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, விரித்த தடிப் புத்தகத்தின் பள்ளத்தில் வைத்து உள்ளிருந்து வெளியே குத்த வேண்டும். குத்தூசி பெரியவர் கையில் மட்டும். துளை விழுந்தபின் தைப்பதை ஒன்பது வயது மகள் செய்யலாம், நூலுக்கு மெழுகு பூசுவதும் மடிப்பைத் தேய்ப்பதும் மகனுக்கு.

மெழுகு பூசிய லினன் நூல் 55 செ.மீ. நூல் கிடைக்காவிட்டால் பட்டன் தைக்கிற தடித்த நூலை மெழுகுவத்தியில் இரண்டு தடவை இழுத்தால் போதும். மேலிருந்து துளைகளுக்கு 1 முதல் 5 வரை எண் கொடுத்தால்: உள்ளிருந்து 3 வழியாக வெளியே, 8 செ.மீ. நுனியை உள்ளே விட்டு வையுங்கள். 2 வழியாக உள்ளே, 1 வழியாக வெளியே, மறுபடி 2 வழியாக உள்ளே. இப்போது 3-ஐத் தாண்டி 4 வழியாக வெளியே, 5 வழியாக உள்ளே, 4 வழியாக வெளியே, கடைசியில் 3 வழியாக உள்ளே. இரண்டு நுனிகளும் நடுவில் ஓடும் நீண்ட நூலின் இரு பக்கமும் இருக்க வேண்டும். அதைச் சேர்த்துப் பிடித்து இரட்டை முடிச்சு. நூலை இறுக்கும்போது எப்போதும் மடிப்பின் வாக்கிலேயே இழுங்கள். நேரே உங்களை நோக்கி இழுத்தால் துளை கிழிந்து நீளும்.

தைத்தபின் நடுத்தாள்கள் ஒரு மி.மீ. அளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தாள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும்போது அது நடந்தே தீரும். இரும்பு அளவுகோலை அழுத்திப் பிடித்து, புது அலகுள்ள கத்தியால் வெளி ஓரத்தில் மட்டும் 2, 3 மி.மீ. வெட்டிவிடுங்கள். ஒரே இழுப்பில் அறுக்கப் பார்க்காமல் லேசாகப் பல தடவை இழுப்பதுதான் முறை. வெளிப்பக்கம் 15 மி.மீ. விடச் சொன்னது இதற்கும் உதவும்.

---

நூலகப்பக்கம்

ஐஎஸ்பிஎன் பற்றிச் சுருக்கமாக. சொந்தக்காரருக்கும் வகுப்புக்கும் மட்டும் கொடுப்பதானால் தேவையில்லை. கடையிலோ நூலகத்திலோ வைக்கும் எண்ணம் இருந்தால் எடுங்கள். கனடாவில் அதைக் கொடுப்பது நூலக ஆவணக் காப்பகமான லைப்ரரி அண்ட் ஆர்க்கைவ்ஸ் கனடா, கட்டணம் இல்லை. நோர்வேயிலும் தேசிய நூலகம் இலவசமாகவே கொடுக்கிறது. பிரிட்டன், அமெரிக்கா, ஜெர்மனி, ஆஸ்திரேலியாவில் காசு கட்ட வேண்டும். கனடாவில் பொதுமக்களுக்கு வெளியிடுகிற புத்தகத்துக்குச் சட்டப்படி வைப்புப் படி (அந்தக் காப்பகம் பேணிவைக்கும் படி) கொடுக்கும் கடமையும் உண்டு. 30 படி மாதிரிச் சிறு வெளியீட்டுக்கு ஒரு படி. அதையும் சேர்த்து 31 ஆகத் தைத்து வையுங்கள்.

இரண்டாம் பக்கத்தில் தலைப்பை உரோமன் எழுத்திலும் ஒருமுறை போடுங்கள், தமிழ் வாசிக்காத நூலகர் பட்டியலிட அது வேண்டும். கதை சொன்னவர் பெயர், ஊர், ஆண்டு கட்டாயம். பிள்ளைகளின் முதற்பெயரும் வயதும் போதும், பள்ளியின் பெயர் வேண்டாம். ஈழத்து நூல்களை எண்ணிம வடிவில் பேணுகிற "நூலகம்" என்ற இணையத்தளத்துக்குப் பிடிஎஃப் கொடுக்க விரும்பினால் அம்மம்மாவின் சம்மதத்தையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், சொன்ன கதை அவருடையது.

---

ஸ்காபரோ_அம்மா

எல்லாருக்கும் பெரிய நன்றி. கம்போசரை மாற்றினதும் "கொ" ஒழுங்காகச் சேர்ந்துவிட்டது. "ா்" தேடிப் பார்த்தால் கதையில் பதினெட்டு இடம்! இன்னும் ஒரு கேள்வி. ஒரு மாதிரிப் படி வீட்டில் அடித்துவிட்டு மிச்சத்தைக் கடையில் லேசரில் அடிக்க யோசிக்கிறோம். அட்டையில் இரவு வானம், முதுகு முழுக்கக் கடுநீலம். கடையில் லேசரில் அடித்துப் பார்த்த அட்டையை மடித்தால் மடிப்பில் நிறம் உதிர்ந்து வெள்ளைக் கோடு விழுகிறது. அட்டையை மாற்ற வேண்டுமா?

---

தையல்கட்டு

அட்டை சரிதான் அக்கா. லேசரில் நிறம் தாளுக்குள் ஊறாது, பொடி உருகி மேலே படலமாகப் படிந்திருக்கும். மடிப்பில் தாள் விரியும்போது அந்தப் படலம் வெடிக்கிறது. நாருக்குக் குறுக்கே மடித்தால் இன்னும் மோசமாகும், அதனால் முதலில் நார் வாக்கைச் சரிபாருங்கள். பிறகு மடிக்க முன் பள்ளக்கோடு போடுங்கள். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா ஒன்றையும் இரும்பு அளவுகோலையும் எடுத்து, அடியில் நாலைந்து தாள் மெத்தையாக வைத்து, அட்டையின் வெளிப்பக்கத்தில் நடுக்கோட்டில் இரண்டு மூன்று தடவை அழுத்தி இழுங்கள். வெளிப்பக்கத்தில் பள்ளமும் உட்பக்கத்தில் சிறு மேடும் விழும். அந்த மேடு மடிப்பின் உள்ளே இருக்கும்படி, பள்ளம் வெளியே தெரிய மெதுவாக மடியுங்கள். தலைகீழாக மடித்தால் வெடிப்பு கூடும்.

கடையில் கேட்டால் அவர்களிடமே பள்ளமிடும் இயந்திரம் இருக்கும், 31 அட்டைக்கு அதைச் செய்து வாங்குவது எளிது. அப்படியும் மெல்லிய கோடு தெரிந்தால், பிடிஎஃபில் முதுகின் இரு பக்கமும் 5 மி.மீ. அகலத்துக்கு வானத்தை வெளிர்நீலமாக்கிவிடுங்கள், அல்லது அந்தப் பட்டையை வெள்ளையாகவே விட்டுக் கடுநீல நூலால் தையுங்கள். மாதிரிப் படியை இங்க்ஜெட்டில் அடித்துப் பார்த்தால் இந்த வெடிப்பு தெரியாது, மை தாளுக்குள் ஊறிவிடும். ஆகவே கடையில் முதலில் ஓர் அட்டை மட்டும் அடித்து, மடித்து, தைத்துப் பார்த்தபின் மிச்சத்துக்குச் சொல்லுங்கள்.